கோஸ் பாத்தியும் என் இடுப்பெலும்பும்

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தது டிராம் வண்டியின் படிதான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் அப்போது ஓடிய டிராம்களுக்குப் படி கொஞ்சம் உயரம். இடது காலைத் தூக்கினேன், வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை மாதிரி அது தரையிலேயே நின்றது. தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்து, கம்பியில் தொங்கிக்கொண்டு ஏறினேன். ஓட்டுநர் பொறுமை இழந்து மணியை அடித்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி, நம்ப ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்ட யாராவது இதைப் படிக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பதமாக ஆறுதல் சொல்லும் குணம் எனக்கு வாய்க்கவில்லை. எரிச்சல்தான் வருகிறது, இத்தனை வருஷம் கழித்தும்.

அறுபதுகளின் கடைசி அது. என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் உலோக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இரும்புக் கம்பி எத்தனை பாரத்தில் வளையும், எங்கே விரிசல் விடும் என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. வீட்டில் ஒருத்தி வளைந்துகொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு நான் அங்கே போனவள். நாங்கள் சைவம். முட்டையும் கிடையாது. மார்கரீன் என்ற செயற்கை வெண்ணெயில் திமிங்கிலக் கொழுப்பு கலப்பதாக யாரோ சொன்னதால் அதையும் வீட்டுக்குள் விடமாட்டேன். அரிசி விலை அதிகம் என்று கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று நாளைக் கடத்தினோம்.

படியில் தொடங்கியது மெல்லப் பரவியது. இடுப்பில் ஒரு குடைச்சல். விலா எலும்பை விரலால் அழுத்தினால் உயிர் போகும். படுக்கையில் புரண்டு படுக்க வேண்டுமென்றால் முதலில் தோளைத் திருப்பி, பிறகு இடுப்பை இழுத்து, கடைசியாகக் கால்களைக் கூப்பிட வேண்டும். நடந்தால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வாத்து மாதிரி நடந்தேன்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ‘குடைகிறது’ என்பதற்கு என் கணவருக்கு ஜெர்மன் சொல் தெரியவில்லை. ‘துளை போடுகிறது’ என்று சொல்லிவைத்தார். டாக்டர் புருவத்தை உயர்த்தி, எதைக் கொண்டு யார் துளை போடுகிறார்கள் என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அம்மாவை நினைத்துக்கொள்வீர்களா?” என்றார். கடல் கடந்து இருப்பவளிடம் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கண் கலங்காது? எனக்கும் கலங்கியது. அந்தக் கண்ணீர் போதுமானதாக இருந்தது அவருக்கு. ‘ஹைம்வே’ (ஊர் ஏக்கம்) என்று எழுதிவிட்டார். மருந்தாகச் சுத்தமான காற்று, கைக்கு ஒரு வேலை.

“எனக்கு எலும்பு வலிக்குதுங்க. மனசு வலிச்சா எனக்குத் தெரியாதா?” என்றேன் வீட்டுக்கு வந்து.

“டாக்டர் சும்மாவா சொல்லுவாரு கோமு? நீ மனசப் போட்டுக் கொழப்பிக்கிடாத. கொஞ்சம் ஆக்டிவா இருந்தா எல்லாம் சரியாயிரும்.”

மறுவாரமே சுத்தமான காற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஊர் விளிம்பில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், தோட்டச் சங்கம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், அதில் ஒரு சிறு மரக்குடில், சுற்றிச் செடிவேலி. வீட்டில் தோட்டம் இல்லாத ஊர்க்காரர்கள் வருஷ வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுவார்கள். ஒரு கிழவி மகள் வீட்டோடு போய்விட்டதால் அவளுடைய துண்டு காலியாகியிருந்தது. வேறு யாராவது சித்திரை மாதத்தில் தோட்டம் எடுப்பார்கள். என் கணவர் எனக்கு ஐப்பசியில் எடுத்துக் கொடுத்தார்.

குளிர்காலத்தில் தோட்டத்தில் என்ன வேலை என்று நானும் நினைத்தேன். இருக்கிறது. கிழவி விட்டுப்போன பாத்திகளில் சுருட்டை இலைக் கோஸ் நின்றது, நெல்லிக்காய் அளவு குட்டிக் கோஸ் நின்றது, முழங்கை நீளத்தில் பெரிய வெங்காயத்தாள் நின்றது. இவையெல்லாம் பனியிலும் சாகாது. சுருட்டைக் கோஸை நல்ல உறைபனி அடித்த பிறகுதான் பறிக்க வேண்டும், அப்போதுதான் கசப்பு போய் இனிக்கும். தண்டு ஒடியாமல் இருக்க இலைமேல் விழுந்த பனியைத் தட்டிவிட வேண்டும். வெங்காயத்தாளைச் சுற்றித் தேவதாரு மரக்கிளைகளைப் பரப்பி மண் இறுகாமல் காக்க வேண்டும். வெறும் பாத்திகளைக் கட்டி கட்டியாகக் கொத்திப் போட்டுவிட்டால் பனியே அதைப் பொடியாக்கிவிடும். தண்ணீர்க் குழாயைக் கார்த்திகையிலேயே அடைத்துவிடுவார்கள், கை கழுவக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

நான் தினமும் போனேன். மதியத்தில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வெயில் என்ற பெயரில் அடிவானத்தில் மங்கலாக ஏதோ ஒன்று ஊர்ந்து போகும். புடவைக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே இரண்டு சுவெட்டர், அதற்கும் மேலே என் கணவரின் ஓவர்கோட். முகத்தைத் தவிர வேறெதையும் காற்றுக்குக் காட்டவில்லை. குனிந்தால் நிமிர முடியாது. மண்வெட்டிக் கம்பை ஊன்றி, கைமேல் கை வைத்துக் கம்பில் ஏறித்தான் எழுந்தேன். எழுந்ததும் வாய்விட்டுத் திட்டுவேன், தமிழில்தான். டாக்டரை, கோஸை, தோட்டத்தைக் கண்டுபிடித்தவனை. அங்கே யாருக்குப் புரியப்போகிறது?

பக்கத்துத் தோட்டம் ஃபோக்ட் என்பவருடையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் தலைவரும் அவர்தான். முதல் நாளே என் வேலி உயரத்தைக் குச்சியால் அளந்து, கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் வரும் வேலை செய்யக்கூடாது. இலைக்குப்பையை வேலியோரம் குவிக்கக்கூடாது. இந்த ‘கூடாது’களைக் கேட்டே எனக்கு ஜெர்மன் கொஞ்சம் வந்தது.

மார்கழியில் ஒரு நாள் நான் கம்பைப் பிடித்து எழுந்து நிற்பதை அவர் வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி, தயங்கி, வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில், “நீங்கள் ‘இன் ஆண்டெரன் உம்ஷ்டெண்டன்’ போலிருக்கிறதே?” என்றார்.

நான் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன். ‘ஆண்டெரன்’ என்றால் வேறு. ‘உம்ஷ்டெண்டன்’ என்றால் சூழ்நிலைகள். வேறு சூழ்நிலைகளில் இருக்கிறீர்களா என்று கேட்கிறார். இந்த ஊருக்கு வந்து இப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அப்படியே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “ஆமாம், ஆமாம்! மிக மிக வேறு சூழ்நிலைகள்! ரொம்பக் கஷ்டம்!” என்றேன்.

அதற்குப் பிறகு ஃபோக்ட் மாறிவிட்டார். வேலியைப் பற்றிப் பேசவில்லை. நான் போவதற்குள் என் பாத்தி கொத்தப்பட்டிருக்கும். குடிலில் உட்கார மெத்தை வந்தது. சங்கத்துப் பெண்கள் என்னைக் கண்டால் தலையைச் சாய்த்துச் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரியிடம் இவ்வளவு அன்பா என்று நானும் பதிலுக்குச் சிரித்துவைத்தேன்.

வலி மட்டும் குறையவில்லை. தை பிறப்பதற்குள் மாடிப்படி ஏறப் பின்னாலிருந்து தள்ள ஆள் தேவைப்பட்டது. டாக்டர் மறுபடியும் அதே ஏக்கத்தைத்தான் சொன்னார், இந்தத் தடவை தூக்க மாத்திரையோடு. என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் மாசியில் மெட்ராஸ் திரும்புகிறது, அவர்களோடு என்னை அனுப்பிவிடுவது.

“ஊருக்குப் போயி அம்மா கையால சாப்ட்டுட்டு ஒரு ஆறு மாசம் இரு. ரெஸ்ட் எடுத்தா தெளிஞ்சிரும்.”

“தனியா போயி எறங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க, தெரியுமா தெரியாதா உங்களுக்கு?”

“யாரு என்ன சொல்லப்போறா?”

யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சீமைக்குப் புருஷனோடு போனவள், கையில் குழந்தையும் இல்லாமல், பக்கத்தில் புருஷனும் இல்லாமல், காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து இறங்கினால், வாழாவெட்டி என்பார்கள். கூடவே, மூளை கலங்கிவிட்டது என்று டாக்டரே அனுப்பிவிட்டாராம் என்பார்கள். அதற்கப்புறம் எந்த வலியைச் சொன்னாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். என் தங்கைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. நல்லவர். நல்லவர்களோடு சண்டை போடுவதுபோல அலுப்பான காரியம் வேறு இல்லை.

அந்த வாரத்தில்தான் வெங்காயத்தாள் பிடுங்கப் போனேன். கிளைகளை விலக்கினால் அடியில் மண் இறுகிப்போயிருந்தது. எல்லாக் கோபத்தையும் சேர்த்து ஒரு தாளை இழுத்தேன். அது பட்டென்று வந்துவிட, பின்னால் சாய்ந்து பனியில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்புக்குள் யாரோ கத்தியைச் செருகின மாதிரி இருந்தது. எழ முடியவில்லை. மண்வெட்டி எட்டவில்லை.

மரத்தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஃபோக்ட் ஓடிவந்தார். கையைக் கொடுத்துத் தூக்கிவிடுங்கள் என்றேன். “அசையாதீர்கள்! அசையவே கூடாது!” என்று கத்தினார். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டார். சங்கக் கட்டடத்துக்கு ஓடி டெலிபோன் செய்தார். நான் பனிமேல் உட்கார்ந்து, தூக்கிவிடச் சொன்னால் இந்த மனுஷன் ஏன் இப்படிப் பறக்கிறார் என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்த இடம் பிரசவ ஆஸ்பத்திரி.

“எத்தனையாவது மாதம்?” என்று நர்ஸ் கேட்டாள்.

ஜெர்மனிக்கு வந்து எத்தனை மாதம் என்று கேட்கிறாளாக்கும் என்று, “பதினெட்டு” என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

குட்டு வெளிப்பட்டது அப்போதுதான். ‘வேறு சூழ்நிலைகளில்’ இருப்பது என்றால் அந்த ஊரில் கர்ப்பமாக இருப்பது. நான் யாரைக் குறை சொல்ல? நம் ஊரில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்வதை ஒரு ஜெர்மன்காரர் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால், பாவம், வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது என்றுதானே நினைப்பார்?

சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் ஆய்வுக்கூடத்துக்குச் செய்தி போயிருக்கிறது. தொப்பியில்லாமல், மூச்சிரைக்க வாசலில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. “அப்படில்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்லி அதை அணைக்க வேண்டியவள் நானாக இருந்தேன். ஃபோக்ட்மேல், ஜெர்மன் மொழிமேல், என் உடம்பின்மேல், எல்லாவற்றின்மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அழுதேன். இதைப் பார்த்தால் அந்த டாக்டர் இன்னொரு முறை ஏக்கம் என்று எழுதுவாரே என்று நினைத்து இன்னும் அழுதேன்.

பரிசோதித்த பெண் டாக்டருக்கு நரைத்த தலை, கறாரான குரல். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் கட்டில் விளிம்பைப் பிடித்து இறங்கிக் கதவை நோக்கி நடந்தேன்.

“நில்லுங்கள். திரும்பி நடந்து வாருங்கள்.”

வந்தேன். இன்னொரு முறை நடக்கச் சொன்னார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார், என்னால் முடியவில்லை. விலாவை அழுத்தினார், நான் அலறினேன். எனக்குக் கண்ணில் நீர் வந்ததை அவர் சட்டை செய்யவில்லை. “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்றார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

யுத்தம் முடிந்த பஞ்ச காலத்தில் அவர் வைத்தியம் படித்தவராம். அந்தக் குளிர்காலங்களில் இப்படி நடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறாராம். ரத்தம் எடுத்தார்கள். இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் இரண்டு இடங்களில் நூல் பிடித்தது போல வெளிறிய கோடுகள் தெரிந்தன. நோயின் பெயர் ஆஸ்டியோமலேசியா (எலும்பு தன் உறுதியை இழந்து இளகிப்போவது). காரணம் விட்டமின் டி குறைவு (வெயில் பட்டால் தோலில் ஊறுவது, சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்ப்பது). கறுத்த தோலுக்கு இந்த வட்டாரத்து வெயில் பற்றாது. என் சாப்பாட்டிலும் அந்தச் சத்து கிடையாது.

“டாக்டர் சொல்லி தினமும் தோட்டத்தில்தான் இருந்தேனே” என்றேன்.

“இந்த மாதங்களில் நீங்கள் அந்தத் தோட்டத்தில் துணியே இல்லாமல் நின்றிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சளிதான் பிடித்திருக்கும்” என்றார்.

மீன் எண்ணெய் என்று ஆரம்பித்தார். முடியாது என்றேன். “மருந்துதான கோமு, கண்ண மூடிட்டுக் குடிச்சிரு” என்றார் என் கணவர். டாக்டர் அவரைப் பார்வையாலேயே அடக்கினார். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டிலிருந்து எடுத்த சொட்டு மருந்து இருக்கிறது, இவர் உடம்புக்குள் போவதை இவரே சொல்லட்டும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

மாசியில் என்னை விமானம் ஏற்றுவதாக இருக்கிறார் என் கணவர் என்று நானே போட்டு உடைத்தேன். உங்கள் மனைவி இரண்டு இடத்தில் விரிசல் விட்ட எலும்போடு நிற்கிறார், இவரைப் பெட்டி தூக்க விடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். என் கணவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். விரிசல் என்றால் அவருக்குப் புரியும். “இத்தன நாளா இதோடயா நடந்த?” என்றார். “நடந்தேன்னா? மண்வெட்டி புடிச்சேன்” என்றேன். மறுநாள் அவரே போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தார்.

இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்து ஆரம்பித்தால் மறுநாளே ஓடலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் எனக்கு வலி கூடினது போலக்கூட இருந்தது. குடைச்சல் சில வாரங்களில் தணிந்தது. தசைக்குப் பலம் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. நடுவில் எல்லோரும் ‘இப்போ பரவாயில்லையா’ என்று கேட்டே உயிரை எடுப்பார்கள். பரவாயில்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள்.

வசந்தத்தில் தோட்டத்துக்குப் போனபோது சங்கத்துப் பெண்கள் கம்பளியில் பின்னிய குட்டிக் காலுறைகளோடு வந்தார்கள். குழந்தை இல்லை, எலும்புதான் இளகியிருந்தது என்று நான் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, காலுறையை வைத்துக்கொள், என்றைக்காவது ஆகும் என்றாள். ஃபோக்ட் காது மடல் வரை சிவந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். கடைசியில் என் வேலியைப் பார்த்து, “இது ஒரு கை உயரம் அதிகம். வெட்ட வேண்டும்” என்றார். அதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்தக் கோடையில் டாக்டர் சொன்னபடி கையையும் காலையும் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எலும்பு என்பது உடம்புக்குள் ஊன்றிய தூண், ஒரு தடவை நட்டால் நட்டதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் தினமும் தீனி கேட்கிற சாமான், போடாவிட்டால் தன்னையே கரைத்துக்கொள்ளும் என்று இப்போது தெரிந்தது. சௌகரியமான ஞானம் இல்லை இது. இன்றைக்கும் உட்கார்ந்து எழும்போது ஒரு நொடி காத்திருந்து, உள்ளே என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடி வைக்கிறேன். நாட்களும் எனக்கு மாறிவிட்டன. தண்ணீர் வாளியை ஒரே கையில் தூக்கியது, ஒரே புரளலில் திரும்பிப் படுத்தது, இப்படித்தான் அந்த வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. மாதப் பெயர்களை அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மறு குளிர்காலம் வந்தது. வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் கணவரும் கூடத் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார். உறைபனி அடித்து ஓய்ந்த ஒரு மதியம், கோஸ் பாத்தி ஓரத்தில் நான் குந்தி உட்கார்ந்தேன். ஊரில் உட்காருவது போல, இரண்டு குதிகாலும் மண்ணில் பதிய. அடி இலைகளைப் பறித்துக் கூடையில் போட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

“வலிக்குதா கோமு?”

“இல்ல.”

“அப்பாடா” என்று கையை இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “வலிக்குதுன்னு ஒரு வருஷம் கத்தினேன், நம்பல. படம் புடிச்சு, கோடு பாத்து, அதுக்கப்புறம் நம்புனீங்க. வலிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னதும் எப்படிங்க ஒடனே நம்புதீங்க?”

அவர் பனி ஒட்டிய கோஸ் கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தலை குனிந்து அங்கேயே நின்றார். நான் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.